அப்பாவை வாசித்த பிற்பகல்

நுரையக்கா என்று ஊரே கூப்பிடும் அந்த அம்மாளின் சலவைக் கடையில் ஒரு வசதி உண்டு. அதைத் தொல்லை என்றும் சொல்லலாம். அங்கே உள்ள துவைக்கும் இயந்திரங்கள் எல்லாம் முன்பக்கம் வட்டமான கண்ணாடிக் கதவு வைத்தவை. துணியைப் போட்டுப் பொத்தானை அழுத்தி, உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டால், துவைத்து முடியும் வரை கதவு திறக்காது. கெஞ்சினாலும் திறக்காது, எட்டி உதைத்தாலும் திறக்காது. உதைத்துப் பார்த்த புண்ணியவான்கள் இருக்கிறார்கள். ஆகவே உள்ளே வந்தவர் யாராக இருந்தாலும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உட்கார்ந்தவருக்குக் காது சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் காதுகளை வைத்துக்கொண்டு நுரையக்கா செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் பெரிய படிப்பாளி இல்லை. அப்பாவுக்குக் கடையில் கை ஒத்தாசை வேண்டியிருந்ததால் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. அப்புறம் வெகுகாலம் சோப்புத்தூள் பையின் பின்பக்கம்தான் அவருடைய இலக்கியம். இப்போதும் வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டுதான் வாசிப்பார். ஆனால் குரல் இருக்கிறதே, அது இயந்திரச் சத்தத்தோடு மல்லுக்கட்டி வளர்ந்த குரல். அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவது எதிர்க்கடை வரை கேட்கும்.

எல்லாம் ஆரம்பித்தது நூலகரம்மாவின் சிரிப்பில். நகரசபைக்காரர்களுக்குத் திடீரென்று ஒழுக்கம் பொங்கி, நூலகத்திலிருந்து ஒரு கட்டுப் புத்தகத்தை விலக்கச் சொல்லிவிட்டார்கள். ஒன்றில் முத்தம் கொடுக்கிறார்களாம். ஒன்றில் குழந்தை பெரியவரை எதிர்த்துப் பேசுகிறதாம். நூலகரம்மா வேறு வழியில்லாமல் அலமாரியைக் காலி செய்தார். ஆனால் அதில் ஒரு புத்தகத்துக்கு அவரிடம் இருந்த சொந்தப் பிரதியை யார் பிடுங்க முடியும்? அதைச் சலவைக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து படித்து, தனியாகக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்னங்க, எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?" என்றார் நுரையக்கா.

நூலகரம்மா உரக்க வாசித்தார். துணிக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். துவைத்து முடித்த இயந்திரங்கள் ஓய்ந்து நின்றன, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த வருடத்திலிருந்து, ஆண்டுக்கு ஒரு வாரம் அங்கே விலக்கிய புத்தகங்கள் மட்டும்தான் வாசிப்பார்கள். நூலகக் கூடத்தை நகரசபை தரவில்லை. நுரையக்கா தன் கடையைத் தந்தார். ஒருவர் ஒரு துவைப்பு நேரம் வாசிக்கலாம். இயந்திரம் நின்றதும், பாதி வாக்கியமாக இருந்தாலும், அடுத்தவர் கைக்குப் புத்தகம் போய்விடும்.

இன்னொரு விதியும் உண்டு. அது கணக்கு வாத்தியாரால் வந்தது. எதிர்த்துப் பேசும் குழந்தையின் கதையை விலக்கச் சொல்லி மனுக் கொடுத்தவரே அவர்தான். வாசிப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, குடையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"சார், படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் நுரையக்கா.

"அந்தக் கண்றாவியை நான் ஏம்மா படிக்கணும்?"

"அப்ப இன்னிக்கு நீங்கதான் வாசிக்கறீங்க. வாசிச்சுட்டு எவ்வளவு வேணாலும் திட்டுங்க. நான் குடிக்கத் தண்ணி வேற தர்றேன்."

வாத்தியார் வாசித்தார். நடுவில் அவருக்கே சிரிப்பு வந்து, இருமலாக மாற்றப் பார்த்து, புரையேறியது. முடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு, "இருந்தாலும் இதை விலக்கினது சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று வரை அதையேதான் சொல்கிறார். ஒரு வருடம் கூட வராமல் இருந்ததில்லை. அன்றிலிருந்து கடையில் அது சட்டம்: யாருக்கு ஒரு புத்தகம் பிடிக்கவில்லையோ, அவரே அதை முதலில் வாசிக்க வேண்டும். எத்தனையோ பேரை இந்தச் சட்டத்தைக் காட்டி உட்கார வைத்திருக்கிறார் நுரையக்கா. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை கூட.

இந்த வருடம் சட்டம் அவரையே தேடி வந்தது.

நகரசபை புதிதாக ஒரு நாவலை விலக்கியிருந்தது. எழுதியவர் இந்த ஊரில் பிறந்து வளர்ந்து வெளியூர் போனவர். பழைய நாளில் அரசாங்கத்துக்கு எதிராகத் துண்டறிக்கை அடித்ததற்காகச் சிறைக்குப் போன ஒரு பள்ளி ஆசிரியரின் மகள். ஊர் மானத்தை வாங்கிவிட்டாள் என்பது சபையின் புகார். நூலகரம்மா புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தயங்கினார்.

"அக்கா, இதை விட்டுரலாம்க்கா. இதுல ஒரு சலவைக்காரர் வர்றார். எழுதினவங்களோட அப்பா சட்டைக் கையில அச்சு மை இருக்கிறதைப் பார்த்துட்டு, போலீஸ்ல போய்ச் சொல்லிடறார். ஊர்ல எல்லாரும்..."

"எங்கப்பான்னு சொல்றாங்களா?"

நூலகரம்மா தரையைப் பார்த்தார். அந்த நாளில் ஊரில் இருந்ததே ஒரே ஒரு சலவைக் கடை.

நுரையக்கா புத்தகத்தை வாங்கினார். வாங்கி, சோப்புத்தூள் மூட்டைக்கு அடியில் திணித்தார். அப்பா போய்ச் சேர்ந்து இத்தனை காலம் கழித்து, பதில் சொல்ல வாயில்லாத மனிதரை இழுத்து வைத்து எழுதுகிறாளே என்று ஆத்திரம் வந்தது. கிழித்துத் தண்ணீரில் போட்டால் என்ன என்று கூடத் தோன்றியது. நகரசபை செய்தது சரிதான் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தார். நினைத்த கையோடு தன்மேலேயே அருவருப்பு வந்தது. மூட்டைக்கு அடியில் இருப்பதும் விலக்கிய புத்தகம்தானே? இந்தத் தடவை விலக்கியது யார்?

வாசிப்பு வாரத்தின் முதல் நாள் பெஞ்சு நிரம்பிவிட்டது. கணக்கு வாத்தியார் குடையை மடியில் வைத்துக்கொண்டு, "புதுசா ஒண்ணு விலக்கினாங்களாமே, அது எங்கே?" என்றார். அவருக்கு விவகாரம் தெரியாது.

"அது வேணாம் சார். எனக்கு அது பிடிக்கல."

"பிடிக்கலையா?" வாத்தியாரின் முகம் மலர்ந்தது. இந்த நாளுக்காகத்தான் அவர் வருடக்கணக்காகக் காத்திருந்தார் போல. "அப்ப நீங்கதானே வாசிக்கணும்?"

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நூலகரம்மா அவசரமாக வேறொரு புத்தகத்தைத் திறந்தார். நுரையக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். சோப்பு மூட்டையைப் புரட்டி நாவலை எடுத்து, அட்டையில் ஒட்டியிருந்த தூளைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து நுரையக்காவின் அண்ணன் வந்து நின்றார். வண்டிப் பட்டறையில் மெக்கானிக். பேச்சு காதுக்குப் போய், கொதித்துக்கொண்டு வந்திருந்தார். ஆனால் அன்று வாரத் துணி போடுகிற நாள். கோபத்திலும் கை பழக்கத்தை விடவில்லை. எண்ணெய்க் கறை படிந்த உடுப்பு மூட்டை தோளில் இருந்தது.

"அப்பா கட்டின கடை இது. இதுக்குள்ளயே அவரை அசிங்கப்படுத்தப் போறியா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"முதல்ல மூட்டையைக் குடு அண்ணே" என்று வாங்கி, உடுப்புகளை உள்ளே போட்டு, கதவைச் சாத்தி, எண்ணெய்க் கறைக்கு உரிய பொத்தானை அழுத்தினார் நுரையக்கா. இருப்பதிலேயே நீளமான சுற்று அது. தண்ணீர் இறங்கியது. அண்ணனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. மறுநாள் பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போக அவருக்கு வேறு உடுப்பு இல்லை.

"அது நம்ம அப்பாவே இல்ல. யாரோ ஒரு சலவைக்காரன். அப்பா அந்த மாதிரி ஆளா?" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"தெரியல அண்ணே. நீயும் படிக்கல, நானும் படிக்கல. படிக்காத புத்தகத்தைத் திட்டக் கூடாதுன்னு இந்தப் பெஞ்சுல எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன். என் அப்பான்னதும் மாத்திக்கிட்டா, நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கதவைத் திறப்பேன்?"

அண்ணன் எல்லோருக்கும் முதுகைக் காட்டி, வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நுரையக்கா சலவைக்காரர் வருகிற இடத்தை எடுத்தார். விரல் வரிக்கு அடியில் போனது. அவர் குரல் அவ்வளவு தணிந்து ஒலித்து அந்தக் கடை கேட்டதே இல்லை.

சலவைக்காரர் சட்டையை வாங்கியதும் காலரை முகர்ந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தது. அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். கறை கண்ணில் பட்டதும், குழந்தையோடு ஒளிந்து விளையாடுகிறவர் மாதிரி, 'மாட்டினியா?' என்பார்.

நுரையக்காவின் விரல் நின்றுவிட்டது. வாசலில் அண்ணனின் தோள் அசைந்தது.

அப்பா அப்படித்தான் சொல்வார். வீட்டில் அது ஒரு விளையாட்டு. குழம்பு சிந்திய பாவாடையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சின்னப் பெண்ணாக இருந்த நுரையக்கா நிற்பார், அப்பா ஒரு கண்ணை மூடுவார், "மாட்டினியா?" என்று தூக்கிச் சுற்றுவார். அவருடைய போட்டோ சுவரில் இருக்கிறது. ஆனால் அதில் விறைப்பாக ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த மூடிய கண்ணும் அந்தக் குரலும் இத்தனை காலம் எங்கே போயிருந்தன? இந்தப் பாழாய்ப்போன புத்தகத்துக்குள் இருந்தன. இதை எழுதிய அந்த ஆசிரியரின் மகளும் சின்ன வயதில் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் அவருக்கு நினைவு வந்தது. ஒரு கட்டத்தில் அப்பா அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார். கறை தெரிந்தால் பேசாமல் துணியைத் தண்ணீரில் போடுவார். ஏன் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டதில்லை.

கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை எடுத்தால் வரி தவறிவிடும் என்று துடைக்காமலே வாசித்தார். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. சட்டைக் கையில் இருந்த மையை வாசித்தார். சலவைக்காரர் காவல் நிலையப் படி ஏறியதை வாசித்தார். ஆசிரியரை அழைத்துப் போனதை வாசித்தார். கணக்கு வாத்தியார் குடைக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். கதையில் ஆசிரியரின் மனைவி மறுவாரம் துணி மூட்டையோடு அதே கடைக்கு வந்து நிற்கிறாள். சலவைக்காரர் அவளை நிமிர்ந்து பார்க்கிறார்.

இயந்திரம் நின்றது. கதவின் பூட்டு 'டக்' என்று விட்டது.

சட்டப்படி அவர் தப்பித்துவிட்டார். நூலகரம்மா புத்தகத்தை வாங்கிக்கொள்ள அவசரமாகக் கையை நீட்டினார். அண்ணன் வாசலை விட்டு வந்து, ஒருவரையும் பார்க்காமல் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஈர உடுப்புகளை வாரி எடுத்தார். மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். போட்டிருந்த சட்டையெல்லாம் நனைந்தது. பிறகு எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுக் கதவைச் சாத்தி, அதே நீளமான சுற்றின் பொத்தானை அழுத்தினார்.

"அண்ணே, அது தொவைச்சாச்சு."

"தெரியும்." அவர் பெஞ்சில் கணக்கு வாத்தியாரை நகரச் சொல்லி உட்கார்ந்தார். "அந்தம்மாகிட்ட அப்பா என்ன சொன்னாரு? படி."