கருவாட்டுக் காசும் சந்தனக் கட்டையும்

எங்கள் வீட்டுத் தாள்காசு சந்தனம் மணக்கும். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், எனக்கொன்றும் நட்டமில்லை. வல்வெட்டித்துறையில் அப்பா கருவாட்டுக் கடை வைத்திருந்தார். அந்தக் கையால் வாங்கிப் போடும் காசு எப்படி மணக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருநாள் வங்கியில் இருந்தவர் அப்பா நீட்டிய தாள்களை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து முகத்தைச் சுளித்திருக்கிறார். அப்பா ரோசக்காரர். அவருடைய தகப்பனார் பாய்க்கப்பலோடிய காலத்தில் அக்கரையிலிருந்து கொண்டுவந்த சந்தனக் கட்டை ஒன்று சாமிப் படத்தடியில் இருந்தது. அதை எடுத்துக் காசு போடும் தகரப்பேணிக்குள் வைத்துவிட்டார்.

அடுத்த முறை அதே மனுஷன் தாளை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஐயா, இது கோயில் காசோ?"

"ஓம், எங்கடை கோயில்தான். வெயிலிலை மீன் காயிற கோயில்."

இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை. இன்னும் சொல்லுவேன்.

போர்க்காலத்தில், பொருளாதாரத் தடை இறுகியிருந்த நேரம் அப்பா செத்துப்போனார். சிதையில் உறவுக்காரர் ஆளுக்கொரு சந்தனச் சீவல் வைப்பது எங்கள் வழக்கம். கடைகளில் சவர்க்காரமே கிடைக்காத நேரத்தில் சந்தனத்துக்கு எங்கே போவது? மணம் என்று ஏச்சு வாங்கியே உழைத்த மனுஷன் வெறும் மாங்கட்டையில் எரிந்து போகப் போகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மா எழுந்துபோய்ப் பேணியைத் திறந்து கட்டையை எடுத்துவந்தார். அப்பாவின் தமையன், எங்கள் பெரியப்பா, அதை வாங்கி மணந்து பார்த்தார். இத்தனை வருசம் அந்தக் காசோடு கிடந்த கட்டை அல்லவா?

"பிள்ளை, உது கருவாடெல்லே மணக்குது! சுடலைக்குக் கொண்டுபோனால் சனம் என்ன கதைக்கும்?"

அம்மா கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"கதைக்கட்டும் அத்தான். உந்த மணத்திலைதான் என்ரை பிள்ளையள் படிச்சதுகள். நான் ஏன் ஒளிக்க வேணும்?"

கொடுவாக்கத்தியை எடுத்து முற்றத்தில் வைத்துக் கட்டையைப் பிளந்தார். உள்ளே அது புதுச் சந்தனமாகவே இருந்தது. பந்தல் முழுக்க வாசம் பரவியது. அழுதுகொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். சீவல் வாங்க முதலில் நீண்டது பெரியப்பாவின் கைதான். அந்த நேரத்தில் என் அம்மாவைப் பார்க்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

நான்தான் கொள்ளி வைத்தேன். தோய்ந்துவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா படலையடியில் நின்றார்.

"மணந்ததோ?"

"ஓம் அம்மா."

"சந்தனமோ, கருவாடோ?"

"ரெண்டும்."

"அப்ப சரி," என்றார் அம்மா. "அது உன்ரை அப்பாதான்."