தோற்காதவனுக்கு ஊளை

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப்புகையில் ஓடும் எங்கள் பஸ் ஓமலூரில் பழுதாகி நின்றுவிடுகிறது. சந்தையோரக் கொட்டகையில் குஸ்தி நடக்கிறது; போய் உட்காருகிறேன். இங்கே ஒருமுறைகூடத் தோற்காத பயில்வான், எதிராளியைச் சட்டென்று மல்லாத்துகிறான். கூட்டம் கைதட்டவில்லை. ஊளையிட்டு, கடலைத் தொலியை அவன் முகத்தில் வீசுகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "ஜெயிப்பது குற்றமா?" என்று பக்கத்திலிருக்கும் குடியானவரிடம் கேட்கிறேன்.

"ஏனுங்க, இவன் ஜெயிப்பான்னு ஊட்லயே தெரியுமுங்க. அதப் பாக்கவா வண்டி கட்டிட்டு வாரோம்? போன சந்தையில ஒருத்தன் ரத்தம் ஒழுக உழுந்து, எந்திரிச்சு ஜெயிச்சானுங்க. அதல்ல குஸ்தி!"

"இன்று அவர் எங்கே?"

"இப்பத்தான் இவங்கிட்டத் தோத்துட்டுப் போறானுங்க. ஆனாலும் அவன்தான் நம்மாளு."

குஸ்தி நடத்துகிறவர் பயில்வானிடம் வருகிறார். "சனம் சலிச்சுப் போச்சு சாமி. அடுத்த வாரம் கொஞ்சம் உழுந்து எந்திரி."

பயில்வான் முகத்தைத் துடைக்கிறான். "பொய்யா உழுவத் தெரியாதுங்க. வேற ஆளப் பாத்துக்குங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறுகிறான்.

அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்று நான் எழுந்து நின்று கைதட்டுகிறேன். ஒருவரும் சேரவில்லை. குடியானவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்.

"மறைக்காம உக்காருங்க. அடுத்தவன் வாரான்."