சத்திரத்து மண்

தறிக்குழிக்குள் காலை இறக்கியதும் பாதம் சில்லிட்டது. குனிந்து பார்த்தேன். மிதிகட்டைகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கிணற்று ஊற்று அல்ல. செம்மண்ணைக் கரைத்து ஊற்றியது போலக் கனமான தண்ணீர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஏறியது.

காஞ்சிபுரத்தில் தெருக்களுக்கு மின்விளக்கு வராத காலம். எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. அக்கா வீட்டில் தங்கி, அவள் கணவரோடு சேர்ந்து நெய்துகொண்டிருந்தேன். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் புழக்கடைக்குப் பின்னால் மேட்டு நிலம். அரிசி மண்டிக்காரர் ஒருவர் அங்கே கருடசேவைக்கு வருகிறவர்களுக்காகச் சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணையெல்லாம் எங்கள் பின்சுவரை ஒட்டிக் குவித்துவிட்டார்கள். மேட்டு மழைநீரைக் குளத்துக்குக் கொண்டுபோகும் பழைய கால்வாய் அந்தக் குவியலுக்கு அடியில் போய்விட்டது. மாமா காண்டிராக்டரிடம் சொல்லிப் பார்த்தார்.

"மழைக்கு முந்தி கால்வாய தெறந்து வுடுங்கபா. கீழ தறி இருக்குது."

"கட்டி முடிக்கட்டும்பா, மண்ணு தானா தீர்ந்துடும்" என்று அந்த மனிதர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை யாருக்கும் காத்திருக்கவில்லை. நான் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து குழியைப் பார்த்த மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "பாவ அறுக்காத, தூக்கிக் கட்டு. நான் பின்னால சாக்கு அடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா பாவு நூலின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையை உத்தரத்தில் கட்டிக்கொண்டிருந்தேன். வண்டிப் பாரத்தைக் கவிழ்த்தது போல ஓசை கேட்டது. போய்ப் பார்த்தால் பின்சுவர் இல்லை. அது இருந்த இடத்தில் மண். கையால் தோண்டினோம். சத்திரத்துக் கூலியாட்கள் மேலிருந்து குதித்து வந்து தோண்டினார்கள். மாமாவை வெளியே எடுத்தபோது அவர் விரல்கள் சாக்கின் நுனியை விடாமல் பிடித்திருந்தன. அவர் மூக்கிலும் வாயிலும் அடைத்திருந்த மண்ணை அக்கா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். போதும் என்று அவளிடம் யாராலும் சொல்ல முடியவில்லை.

துக்கம் கேட்க மண்டிக்காரரும் காண்டிராக்டரும் வந்தார்கள். விதி என்றார்கள். அக்கா உள்ளிருந்தே, "கால்வாய தெறந்து வுடுங்க" என்றாள். காரியம் முடியட்டும் என்று உறவினர்கள் அவளை அடக்கினார்கள். மறுநாள் காலையில் அவளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். நானும் போனேன். எங்களைப் பார்த்துத் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கால்வாய் திறந்தது. அடுத்த மழையில் எங்கள் தெருவில் ஒரு தறிக்குழியும் நனையவில்லை. இனிப் பயமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த மழை ஓய்ந்ததும் குளத்தங்கரையிலிருந்து ஒருத்தி வந்தாள். அங்கே குடிசைபோட்டுத் துணி வெளுப்பவர்களில் ஒருத்தி. முழங்கால்வரை சேறு, இடுப்பில் குழந்தை.

"உங்க ஊட்டுக்கு வராத மண்ணெல்லாம் எங்க ஊட்டுக்கு வந்துட்ச்சிமா. புள்ளைய எறக்கி வுட எடமில்ல. இடுப்புலயே வெச்சிக்கினு நிக்கறேன்."

அக்கா அவளோடு நடந்தாள். கால்வாய் சேற்றை நேராக அந்தக் குடிசைகளுக்குள் கொண்டுபோய்க் கொட்டியிருந்தது. அடுப்பு எங்கே என்று தெரியவில்லை. ஊராரின் துணி மூட்டைகள் மண்ணுக்குள் கிடந்தன. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றை வாரத் தொடங்கினாள். திரும்பி வரும் வழியில் சொன்னாள்.

"தண்ணிய அனுப்பிட்டா ஆச்சுன்னு நெனச்சேன் தம்பி. மண்ணு மேட்டுலயே நிக்கணும்."

மறுநாள் சத்திரத்துக்குப் போகும் வண்டிப்பாதையின் நடுவில் போய் உட்கார்ந்தாள். துக்கம் கழியாத பெண் தெருவில் உட்காரலாமா என்று பெரியப்பா கத்தினார். உறவில் சிலர் அதன்பிறகு எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை. காண்டிராக்டர் வண்டியை ஓட்டச் சொன்னார். சுண்ணாம்பு ஏற்றிவந்த வண்டிக்காரர் இறங்கி மாட்டை அவிழ்த்துவிட்டார். "தாலியறுத்த பொம்பள மேல நான் ஓட்டமாட்டேன் சாமி" என்றார். அவருக்குப் பின்னால் வந்த வண்டிகளும் நின்றன. வேலை முடங்கிய சேதி மண்டிக்குப் போய், முதலாளியே வரவேண்டியதாயிற்று.

அக்கா எழுந்திருக்காமலேயே கேட்டாள். குவியலைச் சுற்றி அடியில் கல் அடுக்க வேண்டும். மேலே பனையோலைத் தட்டி போட்டு மூட வேண்டும். சரிவில் மண்ணோடு பெயர்த்த அருகம்புல் பத்தை பதிக்க வேண்டும். கால்வாய் மனையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒரு பெரிய பள்ளம் வெட்ட வேண்டும். தண்ணீர் அதில் தேங்கி, மண் அடியில் படிந்து, தெளிந்தது மட்டும் வழிந்து போக வேண்டும். முதலாளி காண்டிராக்டர் பக்கம் திரும்பி, "செஞ்சிடுய்யா" என்றார்.

அந்த மழைக்காலம் முழுவதும் பள்ளத்தில் படிந்த வண்டலை அக்காவும் குளத்தங்கரைப் பெண்ணும்தான் வாரினார்கள். ஒருமுறை அக்கா கையிலிருந்த மண்ணைப் பார்த்து, "எந்தப் பிடி அவரு வாய்க்குள்ள போச்சோ" என்றாள். மற்றவள் கூடையை அவள் பக்கம் நகர்த்தினாள். சத்திரம் திறந்து அன்னதானம் நடந்தபோது தெருவே போயிற்று. அக்கா போகவில்லை.

இப்போது அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போது நான் மண்டபத்தைப் பார்ப்பதில்லை. சத்திரம் திறந்ததற்கு அடுத்த ஆண்டு ஒரு காலையில் நடந்ததையே நினைத்துக்கொள்கிறேன். மாகறல் பக்கம் அந்தக் காண்டிராக்டருக்குப் புது வேலை கிடைத்திருப்பதாகவும், தோண்டிய மண்ணை மேட்டில் அப்படியே குவித்து வைத்திருப்பதாகவும் நூல் வாங்கப் போன இடத்தில் கேள்விப்பட்டு அக்காவிடம் சொன்னேன். பானையைக் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"கீழ யாரு இருக்காங்க?"

தெரியாது என்றேன். அவள் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, மாகறலுக்கு எந்த வழியாகப் போகவேண்டும் என்று கேட்டாள்.