கட்டுரையின் முதல் பெயர்

ஜோஸ் நகரத்தில் கலவரம் மூண்டால் போலீசுக்கு முன்னால் டாக்டர் சுந்துங்கிற்குத் தெரிந்துவிடும். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஆட்களைத் தூக்கி வருவார்கள். பாதி தொங்கும் காது, தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் விரல், முகத்தைக் காப்பாற்ற நீட்டிய முன்கையில் எலும்பு தெரிகிற வெட்டு. ஒரு கட்டிலில் கிறிஸ்தவப் பெரோம் இனத்து ஆள் கிடப்பான், அடுத்த கட்டிலில் முஸ்லிம் ஹவுசா இனத்து ஆள். மயக்கம் தெளிந்த ஒருவன் குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரன் குரல்வளையை நெரித்ததும் உண்டு. சுந்துங் அவனுடைய தையல் போட்ட கையிலேயே ஓங்கி அடித்துப் பிரித்துவிட்டாள். சாந்தமான பெண் என்று அவளை யாரும் சொன்னதில்லை.

அவள் பெரோம். கூட நின்று தைத்த டாக்டர் சமினுவோ ஹவுசா. அரிவாள் வெட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி மருத்துவ இதழுக்கு அனுப்ப வேண்டும் என்பது சமினுவின் யோசனை. உயிர் பிழைத்தவர்களில் பாதிப் பேருக்குப் பிறகு கை விளங்குவதில்லை. அறுந்த தசைநாரை எந்த வரிசையில் சேர்த்தால் விரல் மடங்கும் என்று அவர் கண்டுவைத்திருந்தார். அது அச்சில் வந்தால் மற்ற ஊர் டாக்டர்களும் செய்வார்களே. வெட்டுக்களையெல்லாம் படம் எடுத்தார், அளந்தார், எழுதினார். அதனால் முதல் பெயர் அவருடையது, இரண்டாவது சுந்துங்.

யார் எந்த மதம் என்று ஒரு பத்தி வேண்டாமா என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"அறுந்த நரம்பைப் பார்த்து இது வெள்ளிக்கிழமை நரம்பு, இது ஞாயித்துக்கிழமை நரம்புன்னு உனக்குச் சொல்லத் தெரிஞ்சா போட்டுக்கோ தாயே" என்றார் சமினு.

கட்டுரை முடியும் தறுவாயில் மறுபடி ஊர் பற்றிக்கொண்டது. நட்டநடுப் பகலில் சந்தைப் பக்கம் கரும்புகை எழுந்தது. சமினுவின் மனைவி தலாத்து போனில் அலறினாள், குழந்தைகள் கட்டிலுக்கடியில் இருக்கிறார்களாம். அவர் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். வழியெல்லாம் டயரைக் கொளுத்திப் போட்டு நின்றவர்கள் சுந்துங்கின் ஆட்கள்.

அவள் தன் கார்ச் சாவியை அவர் கையில் திணித்தாள். முன்கண்ணாடியில் அவள் சபையின் அறுப்புப் பண்டிகை ஸ்டிக்கர் பெரிதாக ஒட்டியிருந்தது.

"இதைப் பார்த்தா எங்க பசங்க நிறுத்தமாட்டாங்க. கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு அழுத்திப் போங்க."

"அப்புறம் எங்க பசங்க?"

"பாலத்தைத் தாண்டினா உங்க பக்கம்தானே, அங்க கிழிச்சுப் போட்டுடுங்க!"

அந்த ஊரில் எல்லோருக்கும் இந்த வித்தை தெரியும். ஜெபமாலையையும் முஸ்லிம்கள் உருட்டும் தஸ்பீஹ் மணியையும் ஒரே டப்பாவில் வைத்துக்கொண்டு கார் ஓட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் சபைக்காரர்கள் வருடக்கணக்கில் உதிராத பசையாகப் பார்த்து ஒட்டியிருந்தார்கள். சமினு பாலத்தைத் தாண்டித் தன் தெருமுனையில் இறங்கி, நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது அவருடைய ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு மூலை மட்டும் உரிந்திருந்தது. முகத்தைப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. தள்ளுவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது துணியை விலக்கியது சுந்துங்தான். அன்று அவள் போட்ட கூச்சல் ஆஸ்பத்திரிக்கு வெளியே ரோட்டில் கேட்டது.

சமாதானத்துக்கு ராணுவம் வந்தது. அடக்கம் முடிந்தது. அதன் பிறகு, முதலாளி என்ற அர்த்தத்தில் எல்லோரும் 'ஓகா' என்று கூப்பிடுகிற துறைத் தலைவர் பேராசிரியர் அடோயி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அந்தத் துறையில் யாராவது தும்மினால்கூட அந்தத் தும்மலில் அவர் பெயர் இருக்கும். அதுதான் வழக்கம், யாரும் கேட்டதில்லை.

"கட்டுரையை அனுப்பும்மா. ஆனா ஒவ்வொரு ஆசிரியருக்கும் இதழ்லேருந்து மெயில் வரும், சம்மதம்னு அமுக்கணும். செத்தவன் எப்படி அமுக்குவான்? அவன் பேரை எடுத்துட்டு அங்க என் பேரைப் போடு."

"ஓகா, ஒரு வெட்டையாவது நீங்க பார்த்தீங்களா?"

"உன் கார்ல போய்த்தானே செத்தான்? இப்ப வந்து நியாயம் பேசுறே."

அவர் மேசைமேலிருந்த டீக் கோப்பை சுவரில் மோதிச் சிதறியது. அவருடைய நெற்றியில் பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றுதான் அவள் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

இதழின் ஆசிரியருக்கு அவளே எழுதினாள். இறந்தவரின் பெயர் இருக்கலாம், குடும்பத்தில் ஒருவர் சம்மதித்தால் போதும் என்று பதில் வந்தது.

ஆகவே பாலத்தைத் தாண்டிப் போக வேண்டியதாயிற்று. தலையில் முக்காடு போட்டிருந்தும் தெருமுனையில் அவளை அடையாளம் கண்டு கல்லெறிந்தார்கள். ஒரு கல் தோளில் பட்டது. தலாத்து கதவைத் திறந்தாள், உட்காரச் சொல்லவில்லை. சுந்துங் நின்றபடியே கட்டுரையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"இதுல அவரு எங்க இருக்காரு?"

"இதோ, மேல. முதல் பேரு."

"அது எழுதினவரு. வெட்டுப்பட்டவங்கள்ல எங்க இருக்காருன்னு கேக்குறேன்."

"இல்ல. உயிரோட வந்தவங்களை மட்டும்தான் எண்ணினோம். செத்து வந்தவங்க நேரா சவக்கிடங்குக்குப் போயிடுவாங்க. அந்த விதியை வச்சதே அவருதான்."

பளாரென்று அறை விழுந்தது. சுந்துங் கன்னத்தைத் தடவவில்லை. அது தனக்கு வரவேண்டியதுதான் என்று நினைத்தாள்.

"எங்க தெருப் பசங்கதான் கொன்னாங்கன்னு இங்க ஒருத்தன் வாயைத் திறக்கல. பெரியவங்க கேட்டா விபத்துங்கறாங்க. போலீஸ்காரன் எழுதவேயில்ல. நீயும் எண்ணமாட்டே. அப்ப என் புருஷனை யாருடி கொன்னது? போய் எண்ணிட்டு வா. அப்புறம் அமுக்குறேன்."

சுந்துங் எண்ணினாள். ஒருவருக்கும் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களைத் தவிர, சவக்கிடங்குக்கு வந்தவர்களின் வெட்டுக்கள் அத்தனையையும் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளிலிருந்து எடுத்தாள். கட்டுரையே தலைகீழாக மாறிவிட்டது. பிழைத்தவர்களுக்கு வெட்டு முன்கையில். அவர்கள் எதிரே நின்று தடுத்தவர்கள். செத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பிடரியில், முதுகில், கெண்டைக்காலில், அவர்கள் ஓடியவர்கள். குழந்தைகளுக்கு எல்லாமே பின்னாலிருந்துதான்.

ஓர் ஆளின் வெட்டு மட்டும் எதிலும் சேரவில்லை. கைகளில் காயமே இல்லை. வாயின் குறுக்காக, கீழ்த்தாடை இரண்டாகப் பிளக்க ஒரே வெட்டு. அந்த ஆள் ஓடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. வெட்டு விழும்போது பேசிக்கொண்டிருந்தார். தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். சுந்துங் அதற்கென்று பட்டியலில் தனியாக ஒரு வரி போட்டாள்.

தலாத்து அந்த வரியைத் தொட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அழவில்லை. போனை எடுத்துச் சம்மதம் என்பதை அமுக்கினாள்.

கட்டுரையை ஏற்றும்போது இதழின் கடைசிக் கட்டம் ஒரு கேள்வி கேட்டது: ஆசிரியர்களில் எவருக்கேனும் இந்த ஆய்வோடு சொந்தத் தொடர்பு உண்டா? எல்லோரும் யோசிக்காமல் 'இல்லை' என்று போடுகிற இடம் அது. சுந்துங் எழுதினாள்:

"உண்டு. முதல் ஆசிரியர் இதில் எண்ணப்பட்ட இறந்தவர்களில் ஒருவர். இரண்டாம் ஆசிரியர் அவருக்குக் கார் கொடுத்தவர்."