பூட்டுப் போடாத பள்ளி

தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை படித்தால் இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியை எத்தனையோ கோப்புகளில் என் கையால் எழுதியிருக்கிறேன். சட்டத்துக்கு மலையேற ஜீப்தான் கிடைப்பதில்லை.

மலைமேல் புதூர்நாட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூர்ப் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் தலைமையாசிரியை ஒருவரே. இன்னொரு ஆசிரியர் கேட்டு விண்ணப்பம் எழுதித் தரும்படி அவர் அழைத்ததால் போயிருந்தேன். அவர் வகுப்பில் இல்லை. பள்ளிக்குப் பின்னால் பாறைமேல் கைபேசியை உயர்த்திப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். வருகைப் பதிவு, காலை உணவு, பயிற்சித் தாள் என எல்லாம் செயலியில் ஏற வேண்டும், சிக்னல் அங்கேதான். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு எழுத்துக் கூட்டி ஒரு வரி படிக்க வரவில்லை. பாறையின் எந்த விளிம்பில் சிக்னல் வரும் என்று மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் பின்தங்கியது ஏன் என்று விளக்கம் கேட்டுத் தலைமையாசிரியைக்குக் குறிப்பாணை வந்திருந்தது. விளக்கத்தையும் அவர் பாறையேறித்தான் அனுப்பினாராம்.

பெற்றோர் அன்று கூடியிருந்தார்கள். திங்கட்கிழமை பள்ளியைப் பூட்டிவிட்டு வாசலில் உட்காருவது என்று முடிவு செய்திருந்தார்கள். நான் தடுத்தேன். பூட்டினால் முதல் நடவடிக்கை தலைமையாசிரியை மீதுதான் பாயும் என்றேன், அது பொய்யல்ல. உரிய வழியில் போனால் மறுக்க முடியாத விண்ணப்பம் என்றும் சொன்னேன். அதையும் நம்பித்தான் சொன்னேன்.

அந்தச் சிறுமியின் தகப்பன் சிரித்தார். "இன்னா சார், பூட்டு போட்டா மறுநாளே ஜீப்பு வரும். ஒங்க பேப்பரு எப்ப வரும்?"

தலைமையாசிரியைதான் அவரை அடக்கினார். "சாருக்குத் தெரியாத ரூலாங்க? பொறுத்துப் பாக்கலாம்."

வாங்கி வந்திருந்த பூட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

விண்ணப்பம் போனது. இணைப்புத் தாள் இல்லை என்று திரும்பியது. இணைப்போடு போனது, வேறு பிரிவுக்குரியது என்று திரும்பியது. ஒவ்வொரு முறையும் நான் குறையைச் சரிசெய்து அனுப்பினேன். அதில் எனக்கு ஓர் உற்சாகம்கூட இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. இதற்குள் சில பிள்ளைகளைக் கீழே விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். சிலர் பெற்றோரோடு கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போனார்கள். சிறுமியின் தகப்பன் கேரளத்துக்குக் கிளம்புமுன் கலசப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தார். அவளும் கூட நின்றாள்.

"ஒங்க மேல கோவம் இல்ல சார். பேப்பரு நிக்கும், புள்ள வளந்துகினே இருக்குதே" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. நான் காப்பி குடிக்கச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டதால் இரண்டாம் ஆசிரியருக்கான தேவை எழவில்லை என்று, பிழையே இல்லாத நடையில் பதில் வந்தது. நடையில்தான் பிழை இல்லை; எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் இருவர் வேண்டும் என்பதே சட்டம். அன்று பங்குனி இரண்டாம் தேதி, பள்ளி ஆண்டு முடிய ஒரு மாதமே இருந்தது.