அத்தைக்கு எதிராக நான் கேட்ட வேண்டுதல்கள்

அந்த யோசனை எனக்கு வந்தது பாலிக் புலாவில், ஒரு பழைய மாதா கோயில் வாசலில், மோட்டாரிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிய நிமிடத்தில். "நீ இங்க வந்ததே இல்லதானே பாப்பா? கோயிலுக்குள்ள மொதத் தடவ கால் வைக்கிறப்ப மூணு வேண்டுதல் கேக்கலாம். கண்டிப்பா கெடைக்கும்," என்று அத்தை சும்மா சொல்லிவைத்தாள். பினாங்கில் எங்கள் வேதக்காரக் குடும்பங்களில் எல்லோரும் சொல்வதுதான். எந்த ஃபாதரும் இதைப் பிரசங்கத்தில் சொன்னதில்லை, மறுத்ததுமில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. முடி வேர்வையில் நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. மூளை மட்டும் பறந்தது. ஒரு கோயிலுக்கு மூன்று என்றால், இந்தத் தீவில் மொத்தம் எத்தனை கோயில்?

அவ்வளவு அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, பாயான் பாருவில் எங்கள் ஃபிளாட்டில் எங்களோடுதான் இருந்தாள். பக்கத்து எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. எனக்குத் தலை பின்னுவது, கணக்கு சொல்லித்தருவது, அம்மாவுக்குத் தெரியாமல் ஐஸ் போட்ட செண்டோல் வாங்கித்தருவது எல்லாம் அவள். அப்படிப்பட்டவள் திடீரென்று வேலையை விட்டுவிட்டு, தெற்கே ஒரு கன்னியர் மடத்தில் சேரப்போவதாக அறிவித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்து, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து கேக் சாப்பிட்டுப் போகும் சிஸ்டர்களின் மடமல்ல அது.

"இது வேற மாதிரி மடம்," என்று அம்மா அடுப்படியில் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "உள்ள போனா போனதுதான். கம்பிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நாம."

"ஜெயில்ல கூட நல்லபடியா நடந்துகிட்டா சீக்கிரம் விட்டுர்றான்," என்றார் அப்பா. அதன்பிறகு ஒரு வாரம் அவர் அத்தையோடு பேசவில்லை.

கிளம்ப ஒரு மாதம் இருந்தது. அதற்குள் தீவிலுள்ள பழைய கோயில்களையெல்லாம் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அத்தையின் ஆசை. துணைக்கு நான். அவளுக்கு எல்லாமே ஏற்கெனவே போன கோயில்கள். அவளிடம் வேண்டுதல் தீர்ந்துபோயிருந்தது. என்னிடமோ புத்தம்புதிதாக இருந்தன. இந்த ஆட்டத்தில் நான் தோற்க வழியே இல்லை என்று நம்பினேன்.

பாலிக் புலாவில் முட்டி போட்டு மூன்றையும் ஒரே விஷயத்துக்குச் செலவழித்தேன். அத்தை போகக் கூடாது. அத்தை போகக் கூடாது. அத்தை போகவே கூடாது. மூன்றாவதில் அந்த 'ஏ'காரத்தை அழுத்தியது பாதுகாப்புக்காக. அடுத்த சனிக்கிழமை புலாவ் திக்குஸ் கோயில். அங்கே மூன்றாவது வேண்டுதலின் நடுவில் பக்கத்துக் கடையிலிருந்து அப்பம் சுடும் வாசம் வந்து மனம் சற்றே தடுமாறியது. வெளியே வந்ததும் அத்தை கேளாமலே அப்பம் வாங்கிக் கொடுத்தாள். ஒரு வேண்டுதல் பாழ் என்று அழாத குறையாகத் தின்றேன்.

"இன்னொரு கோயில் போலாம் அத்தே."

"ஏன் லா உனக்குத் திடீர்னு இவ்ளோ பக்தி? எனக்கு முன்னாடி நீ மடத்துல சேந்துருவ போல."

பெரிய அடி விழுந்தது ஜார்ஜ்டவுனில்தான். டவுனிலேயே மிகப் பழைய கோயில், உயரமான கூரை, பெரிய ஆர்கன். இங்கே கேட்டால் நிச்சயம் என்று வலது காலை எடுத்து வைத்தேன். அத்தை தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்தபடி, "இங்கதான் உனக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க. நீ கத்துன கத்துல ஃபாதரே பயந்துட்டாரு," என்றாள். ஒரு மாதக் குழந்தையாக வந்து மூன்றையும் கத்தியே தீர்த்திருக்கிறேன்! எதைக் கேட்டிருப்பேன்? பாலாகத்தான் இருக்கும். கேட்டது கிடைத்தும் இருக்கும்.

அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் தவமடம். பாலிக் புலாவுக்கு மேலே, ஜாதிக்காய்த் தோட்டத்துக்குள், அந்தக் காலத்தில் சாமியார்கள் தனியாகப் போய் மௌனமாக ஜெபம் செய்யக் கட்டிய ஒற்றை அறை என்று அத்தை கேள்விப்பட்டிருந்தாள். அவளும் போனதில்லை. தோட்டக்காரச் சீனத் தாத்தா சாவியைக் கொடுத்து, வரும்போது தாழ்ப்பாளை மறக்காதே, குரங்கு புகுந்துவிடும் என்று மலாயில் இரண்டு தடவை சொன்னார். செங்குத்தான பாதை. மோட்டாரைக் கீழே விட்டுவிட்டு ஏறினோம். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. அத்தைக்கும் இது புதுக் கோயில்! அவளுக்கும் மூன்று உண்டு. மடத்துக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்டால் என் மூன்றும் அவள் மூன்றும் சமமாகிவிடும். நான் முதலில் நுழைந்துவிட வேண்டுமென்று ஓட ஆரம்பித்தேன்.

ஓடியிருக்கவே தேவையில்லை. அத்தை பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளிவிட்டு, படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு கல் பீடம், மூக்கு உடைந்த ஒரு மாதா சுரூபம்.

"நீ போ பாப்பா."

"உனக்கும் புதுசுதானே அத்தே? மூணு கேக்கலாம்."

"தெரியும்."

"அப்ப வா லா!"

"வேணாம். நான் வரல. நீ கேளு."

எதிரி களத்துக்கே வராத ஆட்டம்! உள்ளே ஓடி முட்டி போட்டேன். என்னுடைய மூன்று, அத்தை வேண்டாமென்று விட்ட மூன்று, ஆக ஆறையும் கேட்டேன். சின்ன அறை, நான் முணுமுணுத்தது சுவரில் பட்டு வெளியே போயிருக்கும். அது அப்போது தோன்றவில்லை. திரும்பியபோது அவள் படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் தொட்ட பிறகுதான் எழுந்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள், மறுபடி திறந்தாள், மறுபடி போட்டாள். இறங்கும்போது என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் அவள் கிளம்பினாள். நான் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

"பாப்பா, பஸ் போயிடும் லா. ஒரு நிமிசம் வெளிய வா."

நான் குழாயைத் திறந்துவிட்டேன், முழுவதுமாக, அவள் குரல் கேட்காத அளவுக்கு. வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் கதவுக்கு அடியில் அவள் நின்றிருந்த பக்கம் போனது. வெகுநேரம் கழித்து மூடியபோது வெளியே சத்தமே இல்லை.

அன்றிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருடம் ஒருமுறை மடத்துக்குப் போய் அவளைப் பார்த்து வருகிறார்கள். எனக்கு எப்போதும் பரீட்சை, டியூஷன், பிறகு ஓவர்டைம். போன மாதம் தைவானில் வேலை கிடைத்துவிட்டதென்று ஈமெயில் வந்தது. மூன்று வருடமாக நான் துரத்திய வேலை. கத்தி ஊரைக் கூட்டினேன். அம்மா மார்க்கெட்டுக்குப் போய் வந்து எனக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்தாள். அவள் நண்டு உடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு விநாடி, ஒரே விநாடி, அந்த ஈமெயில் வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அத்தனை ஆசைப்பட்ட எனக்கே!

அத்தையிடம் இருந்தது போகிற ஆசை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த அறைக்குள் வந்திருந்தால் அவளும் நான் கேட்டதையே கேட்டிருப்பாளோ? கேட்டால் கிடைத்துவிடுமே என்று பயந்துதான் படியில் நின்றாளோ? ஒன்பது வயதுக்கு அது எட்டவில்லை.

வரும் சனிக்கிழமை காலை மடத்துக்குப் பஸ். அப்பா இந்த முறை மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறார். மடத்தில் அவளுக்கு வேறு பெயராம். அம்மாவே இப்போது சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாளாம். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அத்தே என்று கூப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.