எண்ணெய்த் தொட்டியில் சிவப்பு ரிப்பன்

டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் தேயிலைத் தொழிற்சாலைக் கிளார்க்காக இருந்தேன். என்ஜின் அறைக்குப் பின்னால் நான்கு எண்ணெய்ப் பீப்பாய்கள் நின்றன. ஒன்று ஒழுகினாலும் எண்ணெய் மழைநீர் ஓடும் கானில் இறங்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பீலிக்குப் போய்விடும். லயத்துக்கும் என் வீட்டுக்கும் குடிதண்ணீர் அந்தப் பீலியில் கொட்டுவதுதான். ஆகவே பீப்பாய்களைச் சுற்றித் தொட்டிபோல ஒரு சுவர் கட்டச் சொன்னார் தோட்டத் துரை. மேற்பார்வை என்னுடையது.

"தண்ணி போக ஒரு ஓட்டை வைக்கட்டுங்களா, ஐயா?" என்றார் மேசன்.

"ஓட்டை வைக்கிறதுக்கா சுவர் கட்டுறோம்?" என்றேன்.

"ஐயா துறைமுகம் கட்டுறாரு" என்றார் என்ஜின்காரர்.

ஒரு பீப்பாய் எண்ணெய் முழுதும் கொட்டினாலும் கொள்ளும்படி அளவு போட்டிருந்தேன். கூரைத் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் விழும் என்பதை மறந்துவிட்டேன். அந்த ஆனி மாதம் மூன்று நாள் விடாமல் மழை. என்ஜின்காரர் இறைத்துவிடுவார் என்று நானிருந்தேன். ஐயா உத்தரவு கொடுக்கட்டும் என்று அவரிருந்தார். தொட்டி விளிம்புவரை நிறைந்தது. அதோடு ஒரு பீப்பாயின் குழாயும் ஒழுகி, தண்ணீரின்மேல் எண்ணெய் கறுப்பாகப் படர்ந்து நின்றது.

பள்ளிக்கூடம் விட்டதும் என் மகள் தொழிற்சாலைக்கு வந்துவிடுவாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. மழை விட்ட அன்று மாலை நான் வெளியே வந்தபோது அவளைக் காணவில்லை. தொட்டியில் அவளுடைய சிவப்பு ரிப்பன் மிதந்தது.

செருப்போடு, சட்டைப் பையிலிருந்த பேனாவோடு உள்ளே குதித்தேன். தண்ணீர் தொடையளவுதான். அது எனக்கு உறைக்கவில்லை. கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்து அடியில் துழாவினேன். ஓர் அரைச் செங்கல் அகப்பட்டது. மேசன் ஒரு மாதமாகத் தேடிய கரண்டியும் அகப்பட்டது.

"அப்பா, என்ன தேடுறீங்க?"

அடுக்கிய விறகு அட்டியின்மேல், பணிஸைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன்னத்தான்."

"நான் இங்கதானே இருக்கேன். என் கப்பல மிதிச்சிட்டீங்களா? அதுக்குத்தான் ரிப்பன் கொடி கட்டியிருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அதற்குள் என்ஜின்காரர் ஓடிவந்தார்.

"ஐயா, அசையாதீங்க. நீங்க அசைய அசைய எண்ணெ வழியுது."

பார்த்தேன். என் உடம்பு தள்ளிய தண்ணீர், மேலே மிதந்த எண்ணெயையும் கூட்டிக்கொண்டு, சுவரைத் தாண்டிக் கானில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒழுகிய பீப்பாய் செய்யாத வேலையை நான் செய்திருந்தேன்.

"பீலியில யாரும் தண்ணி புடிக்க வேணாம்னு சொல்லு, ஓடு" என்றேன் மகளிடம். ஓடினாள். அவள் கத்தியது மேலே எனக்கே கேட்டது: "அக்கா, குடத்த எடுங்க. எங்கப்பா குளிச்ச தண்ணி வருது."

குடங்கள் உடனே விலகிவிட்டன என்று பிறகு சொன்னார்கள். எண்ணெய் என்று சொல்லியிருந்தால்கூட அத்தனை வேகமாக விலகியிருக்காது.

என்ஜின்காரரும் இன்னும் இரண்டு பேரும் கழிவுத் தேயிலையைக் கூடைகூடையாக அள்ளிக் கானில் கொட்டினார்கள். தேயிலை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டது. பீலிக்குப் பத்தடி மேலேயே எல்லாம் நின்றது. அதுவரை நான் கழுத்தளவு தண்ணீரில் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.

துரை வந்தார். "கிளார்க்கர், எண்ணெய் எங்க?"

"தேயிலையில, துரை."

"நீ?"

"தொட்டியில, துரை."

துரை மேசனைக் கூப்பிட்டு, "சுவர் ஒசத்து. மழைக்கு ஒரு அடி, கிளார்க்கருக்கு ஒரு அடி. ஓட்டையும் வை, மூடியும் வை" என்றார்.

மறு வாரம் சுவர் உயர்ந்தது. மேசன் பழைய மட்டத்துக்கு நல்ல தண்ணீர் நிரப்பிவிட்டு, "ஒருக்கா எறங்கி உக்காருங்க ஐயா, வழியுதான்னு பாக்கணும்" என்றார். பாதித் தொழிற்சாலை வேடிக்கை பார்த்தது. இறங்கி உட்கார்ந்தேன். வழியவில்லை.

மகள் புது ரிப்பனோடு வெளியே ஒரு பெட்டிமேல் ஏறி எட்டிப் பார்த்தாள். அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கப்பா, வலிக்குது."

மேசன் தண்ணீர் நின்ற மட்டத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு முடித்து, ஓட்டையின் மூடியைத் திறந்து, தண்ணீர் முழுதும் வடியும்வரை நான் விடவில்லை.